விடுபற்றி பற்றி நான்கு வரிகள்

3 ஜூன் 2007, ஞாயிறு

காலையிலிருந்து காற்று. ஷெட் தகரம் இரண்டு இடத்தில் தூக்கித் தூக்கி அடிக்கிறது. ஆணி வாங்க வேண்டும்.

வெட்கக்கேட்டை முதலில் எழுதிவிடுகிறேன். இன்று வகுப்பில் என் பெயரை வாசித்ததும் எழுந்து நின்று, கையைக் கட்டிக்கொண்டு, "உள்ளேன் ஐயா" என்றேன். வயது நாற்பத்தேழு. வாசித்தது ஐயாவும் அல்ல, கல்யாணம் ஆகாத ஒரு பெண். வந்த குரலும் என்னுடையது அல்ல, ஆறாம் வகுப்புக் குரல். இத்தனை வருஷம் தொண்டையில் எங்கே பதுங்கிக் கிடந்ததோ. கூடப் படிக்கும் பொடிசுகள் அத்தனையும் டெஸ்கைத் தட்டிச் சிரித்தன.

"உக்காருங்க அண்ணாச்சி" என்றது மிஸ்.

உட்கார்ந்தேன். பெஞ்சு அவர்கள் அளவுக்குப் போட்டது. பாதி நான்தான் உட்கார முடிந்தது. மீதி வகுப்பு முடியும்வரை அந்தரத்தில்.

எதற்கு இந்தக் கூத்து என்று பிற்பாடு எனக்கே மறந்துபோகும். எழுதி வைக்கிறேன்.

நம் பனியன் கம்பெனிக்கு, சரக்கு வாங்கும் வெளிநாட்டுப் பையரிடமிருந்து லெட்டர். ஜூலையில் ஆடிட். அதில் ஒரு வரி: கம்பெனி மெக்கானிக் சர்டிபிகேட் வாங்கியவராக இருக்க வேண்டும். சின்னவர் என்னை ஏசி ரூமுக்குக் கூப்பிட்டார். பெரிய முதலாளியின் மகன், எம்.பி.ஏ. முடித்து வந்தவர். ஏசியில் எனக்குத் தும்மல் வரும். வந்தது.

"மணிங்கண்ணா, உங்ககிட்ட என்ன சர்டிபிகேட்டுங்க இருக்குது?"

"அம்மை குத்துன சர்டிபிகேட் ஒண்ணு இருந்துச்சுங்க தம்பி. கரையான் தின்னுபோடுச்சுங்க."

சிரிக்கவில்லை. எம்.பி.ஏ.வில் அந்தப் பாடம் இல்லை போல.

ஜூலை முதல் தேதி ஆட்டோமொபைல் டெக்னீஷியன் பரீட்சை. அதற்குத்தான் இந்த வகுப்பு. அதை எழுதிப் பாஸானால் ஷெட் என்னிடமே இருக்கும். இல்லாவிட்டால் கம்பெனி வேன், டெம்போ, ஜெனரேட்டர் மொத்தமும் நடராசு பொறுப்பில் போகும். நான் அவனுக்குக் கீழே.

நடராசு என் சகலை. என் சம்சாரம் சரசுவின் தங்கை வீட்டுக்காரன். பல்லடம் ரோட்டில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை. போல்ட் திருகும் பானாவைப் பிடித்து எத்தனை வருஷம் ஆயிற்றோ, உள்ளங்கை பாப்பா கை மாதிரி இருக்கும். ஆனால் ஐ.டி.ஐ. சர்டிபிகேட் இருக்கிறது. லேமினேஷன் போட்டு சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறான். அவன் வீட்டில் ஊதுபத்தி காட்டினால் முருகனுக்கு ஒரு சுற்று, சர்டிபிகேட்டுக்கு ஒரு சுற்று.

அவனைச் "சகலை" என்று கூப்பிடலாம். "சார்" என்று கூப்பிட இந்த வாய் செய்யப்படவில்லை.

5 ஜூன், செவ்வாய்

தூறல். ஆணி வாங்கவில்லை.

மாலை வகுப்பில் பரீட்சைக்குப் பெயர் கொடுத்தோம். தமிழில் எழுதுகிறீர்களா, இங்கிலீஷிலா என்று கேட்டார்கள்.

மிஸ் பெயர் ஜெசிந்தா. நம் கம்பெனித் தையல் மிஷின் பார்க்கும் பவுல் இருக்கிறானே, அவன் மகள். நாசரேத் பக்கமிருந்து வந்த குடும்பம். அந்தப் பாசத்தில் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னது.

"அண்ணாச்சி, பேசாம இங்கிலீஷ் பேப்பர எடுங்க. முக்காவாசி டிக் அடிக்கியதுதான். கிளட்ச், பிஸ்டன், கேஸ்கட்டுன்னு நீங்க தெனமும் பேசுத வார்த்தைதான் வரும்."

அத்தோடு விட்டிருக்கலாம். பொடிசுகள் பார்த்துக்கொண்டிருந்தன. "உள்ளேன் ஐயா"வுக்கு ஒரு பதில் கொடுக்க வேண்டியிருந்தது.

"ஏனுங் மிஸ்," என்றேன் சத்தமாக, "தமிழ்நாட்டுல பொறந்துபோட்டு, தமிழ்ல திட்டு வாங்கி, தமிழ்ல தொழில் பழகிப்போட்டு, பரீட்சைக்கு மட்டும் இங்கிலீசுங்களா? எனக்குத் தமிழே போதுமுங்க."

கைதட்டினார்கள். ஒருவன் விசில்கூட அடித்தான்.

கைதட்டல் கெட்டது.

6 ஜூன், புதன்

பழைய புத்தகக் கடையில் தமிழ் கைடு கிடைத்தது. கனமான புத்தகம். அட்டையில் கார் படம். உள்ளே காரைக் காணோம்.

முதல் பக்கம்: "முசலகத்தின் மேல்கீழ் இயக்கம் வணரித்தண்டினால் சுழல் இயக்கமாக மாற்றப்படுகிறது."

மூன்று முறை படித்தேன். ஏதோ யாகம் நடப்பதாகப் பட்டது.

படத்தைப் பார்த்துத்தான் ஆளை அடையாளம் தெரிந்தது. தினமும் தொட்டுப் புழங்கும் சாமான்கள், பெயரை மாற்றிக்கொண்டு தலைமறைவாக இருக்கின்றன. பிடிபட்டவை:

முசலகம் – பிஸ்டன்
வணரித்தண்டு – கிராங்
அதிர்வுறிஞ்சி – சாக்கப்சர்
உயவெண்ணெய் – ஆயில்
முடுக்கி – ஆக்ஸிலேட்டர் (நம் பக்கம் நாயைத்தான் முடுக்குவோம், விரட்டுவோம்)
உரசிணைப்பி – கிளட்ச்

கடைசி ஆள் டவுன் பஸ்ஸில் போலீஸ் தேடும் ஆள் மாதிரி இருக்கிறான்.

இன்று தெரிந்துகொண்டது: இத்தனை காலம் ஷெட்டில் தமிழ் பேசிக்கொண்டிருப்பதாக நினைத்திருந்தேன். தள்ளு, புடி, உடு, கெரகம். இவ்வளவுதான் தமிழ். மீதி முழுக்க இங்கிலீஷ். அதுவும் எந்த வெள்ளைக்காரனுக்கும் புரியாத இங்கிலீஷ். இந்தத் தமிழும் எனக்குப் புரியவில்லை. அப்படியானால் நான் எதில்தான் பேசுகிறேன்?

8 ஜூன், வெள்ளி

குண்டடத்தில் கல்யாணம். பெண் வீட்டார் சரசுவுக்கு ஒரம்பரை, சொந்தக்காரர்கள். புழுதிக் காற்றில் பந்தலே பறந்துவிடும் போல இருந்தது. சாப்பாடு நன்றாக இருந்தது. பச்சைப்புளி ரசத்தை இரண்டு தடவை வாங்கிக் குடித்தேன்.

கை கழுவும் இடத்தில் ஒரு அம்மணி: "ஏனுங்க, நீங்க மெக்கானிக்குங்களாமா? எங்கூட்டு ஓவர்லாக்குத் தையல் மிஷினு நூலு நூலா அறுத்துப் போடுதுங்க. சித்த வந்து பாருங்களே."

"நான் வண்டி மெக்கானிக்குங்க அம்மணி."

"ஓ, வண்டிங்களா." முகத்தில் இருந்த மரியாதை இறங்கிவிட்டது. இது எனக்குப் பழக்கம். பனியன் ஊரில் மெக்கானிக் என்றால் தையல் மிஷின் பார்ப்பவன். நான் ஒவ்வொரு இடத்திலும் முன்னால் ஒரு "வண்டி" போட்டுக்கொள்ள வேண்டும், சீரியலில் வரும் இரண்டாவது சம்சாரம் மாதிரி.

பந்தியில் எதிரே நடராசு. வேட்டிக் கரை உள்ளங்கை அகலம்.

"சகலை, பரீட்சை எழுதறீங்களாமா. எந்திருச்சு உள்ளேன் ஐயான்னு சொன்னீங்களாமா." இலையில் பாயசத்தைக் குழைத்துக்கொண்டே சொன்னான். "எதுக்குங்க இந்த வயசுல? என்கிட்ட வந்தா உங்களுக்கு ஒரு குறையும் வராம பாத்துக்குவனுங்க."

"நல்லதுங்க சகலை. பாயசம் வழியுது பாருங்க, வேட்டியில."

வழியவில்லை. ஆனால் குனிந்து பார்த்தான். இப்போதைக்கு என் கையில் இருக்கும் வெற்றி இதுதான்.

"உள்ளேன் ஐயா" குண்டடம்வரை எப்படி வந்தது? பவுல். வேறு யார். அவன் வாயில் விழுந்த சேதி டவுன் பஸ்ஸைவிட முன்னால் போய்ச் சேரும்.

13 ஜூன், புதன்

சாயப்பட்டறைத் தண்ணீரில் ஆறு இன்று கத்தரிப்பூ கலர். யாருக்கோ பெரிய ஆர்டர்.

சரசு கேள்வி கேட்கிறாள், நான் பதில் சொல்கிறேன். இதுதான் ஏற்பாடு. அவள் பனியன் கம்பெனியில் செக்கிங். ஒரு துணியில் ஒரு ஓட்டை இருந்தால் பத்தடி தள்ளி நின்றே கண்டுபிடிப்பாள். இப்போது அந்தக் கண் என்மேல்.

"வணரித்தண்டுன்னா என்னங்க?"

"அது வந்து... பம்ப்பு."

"கிராங்கு. நேத்தும் பம்ப்புன்னுதான் சொன்னீங்க. உயவெண்ணெய்?"

"சட்டியில ஊத்துறது."

"ஏனுங்க!"

அவளுக்கு எல்லாம் மனப்பாடம் ஆகிவிட்டது. ஒரு தடவை பானட் திறந்து பார்த்ததில்லை. ரசம் தாளித்துக்கொண்டே அதிர்வுறிஞ்சியின் மூன்று வகைகளைச் சொல்கிறாள். எனக்கு ஒரு வகைகூட நிற்கவில்லை. மாட்டச் சொன்னால் மாட்டிவிடுவேன், பெயர் சொல்லச் சொன்னால் வாய் ஒட்டிக்கொள்கிறது.

ராத்திரிச் சாப்பாட்டில் தோசை தீய்ந்திருந்தது. வாயை வைத்துக்கொண்டு இருக்காமல் சொன்னேன்.

"அதெல்லாந் தெரியுது. உங்க முசலகந்தான் மேலயும் போறதில்ல, கீழயும் வாறதில்ல" என்றாள்.

பக்கத்து வீட்டில் கேட்டிருக்கும். அர்த்தம் புரிந்திருக்காது. அதுதான் பயமாக இருக்கிறது.

17 ஜூன், ஞாயிறு

இன்று நடந்ததை யாரிடமும் சொல்ல மாட்டேன். எல்லோருக்கும் தெரியும் என்பதால் சொல்லவும் வேண்டியதில்லை.

ஆறாம் நம்பர் வேனுக்கு ஆயில் மாற்றினேன். ஒரு கையில் கைடு. வாயில் "உயவெண்ணெயின் பணிகள் நான்கு: உராய்வைக் குறைத்தல், வெப்பத்தைக் கடத்தல்..." மூன்றாவது பணி வரவில்லை. அதைத் தேடிக்கொண்டே கீழே போல்ட் மாட்டாமல் மேலே புது ஆயிலை ஊற்றிவிட்டேன். மொத்தமும் தரைக்கு.

முதலில் பார்த்தது பண்டல் ஏற்றும் பீகார்க்காரர். "தேல்! தேல்!" என்று கத்தினார். டிரைவர்கள் தேள் என்று நினைத்து ஆளுக்கொரு பக்கம் தாவினார்கள். பழனிச்சாமி டெம்போ டாப்பில் ஏறிவிட்டான். வாட்ச்மேன் செருப்பைக் கழற்றிக்கொண்டு, "எங்கடா, எங்கடா" என்று ஓடிவந்து ஆயிலில் வழுக்கி, உட்கார்ந்தவாக்கில் ஜெனரேட்டர்வரை போய்ச் சேர்ந்தார்.

இந்தியில் எண்ணெய்க்குத் தேல் என்று பெயராம். அவருக்குத் தேல். இவர்களுக்கு ஆயில். எனக்கு மட்டும் உயவெண்ணெய். மூன்று பேரும் ஒரே குட்டையில்தான் நின்றோம்.

சின்னவர் மாடியிலிருந்து பார்த்தார். செல்போனில் யாரிடமோ பேசிக்கொண்டே உள்ளே போனார். யாரிடம் என்று எனக்குத் தெரியும்.

மூன்றாவது பணி: சுத்தம் செய்தல். சாயந்திரம் மரத்தூள் போட்டு நான்தான் செய்தேன்.

24 ஜூன், ஞாயிறு

வகுப்பில் மாதிரிப் பரீட்சை. நூற்றுக்குப் பத்தொன்பது. பேப்பரைக் கொடுக்கும்போது மிஸ் என் முகத்தைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தது.

"அண்ணாச்சி, இப்பங்கூட இங்கிலீசுக்கு மாத்தலாமான்னு கேட்டுப் பாத்தேன். முடியாதுன்னுட்டாவ."

"பரவால்லீங் மிஸ்."

"ஒங்களுக்கு வேலை தெரியும். எனக்குத் தெரியும் அண்ணாச்சி. ஆனா..."

நல்ல பெண். அப்பனுக்கு இந்த நல்ல குணம் துளியும் இல்லை. பவுல் வாசலில் நின்றிருந்தான்.

"என்னவே மணி, பாஸாயிருவீரா? இல்ல எங்கூட மிஷினுக்கு எண்ணெய் விட வாரீரா?"

"உனக்குச் சர்டிபிகேட் வேண்டாமாக்கும்?"

"எனக்கு எதுக்குவே? வண்டிக்காரனுக்குத்தான கேட்டிருக்கான். நமக்கெல்லாம் ஊசியும் நூலுந்தான் சர்டிபிகேட்."

திரும்பி ஷெட்டுக்கு வந்தால் நடராசு உள்ளே நிற்கிறான். கையில் டேப். தகரத்தின் அகலம் அளந்துகொண்டிருந்தான். போர்டு வைக்கவாம்.

"தப்பா நெனைக்காதீங்க சகலை. சின்னவர்தான் சும்மா ஒரு பார்வை பாத்துட்டுப் போகச் சொன்னாருங்க."

"அளந்துக்குங்க. அந்த முனைய நான் புடிக்கிறனுங்க" என்று சொல்லி டேப்பின் மறுமுனையைப் பிடித்தேன். ஏன் பிடித்தேன்? வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. என் ஷெட்டை அவன் அளக்க, நான் டேப் பிடிக்கிறேன். அளவு சரியாக வர வேண்டுமே என்று இழுத்து வேறு பிடித்தேன்.

தகரம் இன்னும் அடித்துக்கொண்டுதான் இருக்கிறது. யாருக்கு வேண்டி ஆணி அடிப்பது?

30 ஜூன், சனி

நாளை கோவையில் பரீட்சை. பேனா இரண்டு. ஹால் டிக்கெட். கைக்குட்டை. கண்ணாடி (சரசு ஞாபகப்படுத்தியது).

எங்கள் ஊர் நெருப்பெரிச்சல் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய். கோணலாக உடைந்தது. சகுனம் பார்க்கிற ஆள் இல்லை நான். ஆனால் கோணலாகத்தான் உடைந்தது.

படுக்கும்முன் சரசு: "பாஸ் ஆகாட்டிப் போச்சாது, உடுங்க. நடராசுகிட்ட வேலைக்குப் போனா போறீங்க. என்ற தங்கச்சி ஊடுதான."

ஆறுதல் சொல்கிறாளாம். அதற்கப்புறம் தூக்கம் எங்கிருந்து வரும்.

1 ஜூலை, ஞாயிறு

பாசஞ்சர் ரயில். சோமனூரில் நின்றது. ரயில் நின்ற பிறகும் டக் டக் சத்தம் நிற்கவில்லை. தறிகள். அந்தத் தாளத்தில் உரசிணைப்பி, முசலகம், உரசிணைப்பி, முசலகம் என்று சொல்லிப் பார்த்தேன். தாளம் கச்சிதமாக உட்கார்ந்தது. எதிர் சீட்டுக்காரர் எழுந்து வேறு இடம் போய்விட்டார்.

பெரிய காலேஜ். எல்லோருக்கும் கட்டிலிருந்து பேப்பரை எடுத்து எடுத்துக் கொடுத்தார்கள். எனக்கு மட்டும் வரவில்லை. "தமிழ், தமிழ்" என்று இரண்டு பேர் வராண்டாவில் ஓடினார்கள். கடைசியில் அரக்கு சீல் வைத்த தனிக் கவரில் கொண்டுவந்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தார்கள். கலெக்டருக்குக் கொடுப்பது போல.

திறந்தேன்.

உரசிணைப்பி இல்லை. முசலகம் இல்லை. வணரித்தண்டு எங்கேயும் இல்லை.

இது வேறு தமிழ். கைடு எழுதியவரும் பேப்பர் எழுதியவரும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை போல. உந்துருளையாம். மாற்றச்சாம். எரிபற்றியாம். நான் ஒரு மாதமாகக் கஷ்டப்பட்டுப் பழக்கம் பிடித்து வைத்திருந்த ஆட்கள் ஒருவர்கூட வரவில்லை. ஹால் முழுக்க முன்பின் தெரியாத ஒரம்பரை.

டிக் அடிப்பதை அடித்தேன். எங்கே நல்ல எழுத்தாகத் தெரிந்ததோ அங்கே.

எழுத வேண்டிய கேள்வி ஒன்று: "விடுபற்றி பற்றி நான்கு வரிகளில் எழுதுக."

இரண்டு "பற்றி". அச்சுப் பிழை என்பது பார்த்த உடனே தெரிந்தது. "விடுப்பு பற்றி" என்று இருந்திருக்க வேண்டும். கைடில் கடைசிப் பாடம் பணிமனை விதிமுறைகள். அதில் விடுப்பு உண்டு. அப்பாடா, எனக்குத் தெரிந்த ஒரே கேள்வி என்று எழுதினேன். நான் எழுதியது ஞாபகம் இருக்கிறது:

விடுப்பு வேண்டுவோர் முதல் நாளே மேஸ்திரியிடம் சொல்ல வேண்டும். விட்டால் விட்டபடி போய்விடாமல் திரும்பி வந்து வேலையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். தீபாவளி போனசுக்கு அடுத்த நாள் எல்லோரும் சொல்லாமலே எடுப்பது இந்த ஊர் வழக்கம். நான் இதுவரை எடுத்ததில்லை, எடுத்தால் வண்டிகள் நின்றுவிடும்.

அழகான கையெழுத்தில் எழுதி, கீழே கோடும் போட்டேன்.

2 ஜூலை, திங்கள்

மிஸ்ஸிடம் கேள்வித்தாளைக் காட்டினேன். விடுப்புக் கதையைச் சொன்னேன். வாயைப் பொத்திக்கொண்டது. தோள் குலுங்கியது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டது. எதற்கு அழுதது, எதற்குச் சிரித்தது என்று பிரிக்க முடியவில்லை.

"அண்ணாச்சி, விடுபற்றின்னா கிளட்ச்சு."

கேள்வித்தாளை வாங்கி அந்த வரியை மறுபடி படித்தேன்.

"விடும். பற்றும். மிதிச்சா எஞ்சின விடும், காலை எடுத்தா பற்றிக்கிடும். அதான் விடுபற்றி."

நல்ல பெயர்தான். உரசிணைப்பியைவிட எவ்வளவோ மேல். யாரோ ஒரு புண்ணியவான் வண்டி ஓட்டிப் பார்த்துவிட்டு வைத்திருக்கிறான். ஒரு நாள் முன்னால் தெரிந்திருந்தால் நாற்பது வரி எழுதியிருப்பேன்.

"ஒங்க ரெண்டாவது வரிக்கு அரை மார்க் போட்டாலும் போடுவாவ" என்றது மிஸ். திரும்பி வந்து பிடித்துக்கொள்ள வேண்டும் என்ற வரிக்கு.

சரசுவிடம், "நல்லா எழுதியிருக்கேன்" என்றேன். சின்னவரிடம், "பண்ணியிருக்கனுங்க தம்பி" என்றேன். ஷெட்டில் என் சாமான்களைத் தனியாக, கம்பெனி சாமான்களைத் தனியாகப் பிரித்து வைத்தேன். பதினாலு பதினஞ்சு பானா என்னுடையதா கம்பெனியுடையதா தெரியவில்லை. கம்பெனிப் பக்கமே வைத்தேன். பிறகு எடுத்து என் பக்கம் வைத்தேன்.

18 ஜூலை, புதன்

ஆடி பிறந்துவிட்டது. காற்றில் நடக்க முடியவில்லை. ரிசல்ட் வரவில்லை. ஆடிட் வந்துவிட்டது.

காலை முதல் கம்பெனியே கல்யாண வீடு. கக்கூஸுக்குப் புதுச் சோப்பு. முதலுதவிப் பெட்டிக்குள் இருந்த யாரோ ஒருவருடைய முறுக்கை எடுத்துவிட்டு மருந்து வைத்தார்கள். எனக்குப் புதுச் சட்டை. நடராசுவும் வந்து கேட் பக்கம் நின்றிருந்தான், லேமினேஷனைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு. நான் சொதப்பினால் அந்த நிமிஷமே அவன் உள்ளே வர ஏற்பாடு.

ஆடிட் அம்மா பெங்களூர். இங்கிலீஷ். தையல் ஹாலில் நின்றுகொண்டு, "மெக்கானிக்?" என்றார்.

சின்னவர் என்னை முன்னால் தள்ளினார். "பரீட்சை எழுதிட்டாரு, ரிசல்ட் வரோணும்" என்பதை இங்கிலீஷில் சொன்னார் போல. அந்த அம்மா தலையாட்டிவிட்டு என்னிடம் ஏதோ கேட்டார்.

சின்னவர் தமிழில்: "ஊசி ஒடஞ்சா என்ன பண்ணுவீங்கன்னு கேக்கறாங்க."

இது தெரியும். தைரியம் வந்தது. "நாசில் ஊசிங்களா தம்பி? டீசல் வண்டியில நாசில் ஊசி போச்சுன்னா நாம கை வெக்கப்படாதுங்க. கழட்டி, துணி சுத்தி, பம்ப்பு சர்வீசுக்கு அனுப்பிப்போடோணுமுங்க."

சின்னவர் அதை இங்கிலீஷில் சொல்ல ஆரம்பித்து, "டீசல்" என்ற இடத்தில் நின்றுவிட்டார். காது சிவந்தது. அந்த அம்மா என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பக்கத்தில் இருந்த ஓவர்லாக் மிஷினைத் தட்டிக் காட்டினார்.

இந்த மெக்கானிக்.

தையல் ஊசி உடைந்தால் அந்தத் துண்டுகளைத் தேடி எடுத்து ஒரு நோட்டில் ஒட்டிக் கணக்கு வைக்க வேண்டும், குழந்தை பனியனில் போய்விடக் கூடாது. அந்த வேலை செய்பவனுக்குத்தான் சர்டிபிகேட் கேட்டிருக்கிறார்கள். பையர் எழுதியது பனியன் ஊர் மெக்கானிக். இந்த ஊரில் பிறந்து, இந்த ஊர்ப் பனியனையே விற்கும் சின்னவர், லெட்டரைப் படித்து வண்டி மெக்கானிக் என்று எடுத்துக்கொண்டார். வாழ்நாளில் முதல்முறையாக ஒருவர் "மெக்கானிக்" என்றதும் என்னை நினைத்திருக்கிறார். அதுவும் தப்பாக.

"வண்டிய பத்தி என்ன கேட்டிருக்காங்க தம்பி?" என்று மெல்லக் கேட்டேன்.

"ஒண்ணுமே கேக்கலீங்கண்ணா." தலையைச் சொறிந்தார். "நீங்க ஷெட்டுக்குப் போங்க."

ஷெட்டுக்குப் போங்க. ஒரு மாதமாகக் கேட்க மாட்டோமா என்று கிடந்த வார்த்தை. நாயை முடுக்குவது மாதிரி வந்தது. போனேன்.

பவுலைத் தேடினார்கள். கேண்டீனில் வடை தின்றுகொண்டு என் கதையை யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தானாம்.

கேட் பக்கம் நடராசு வெயிலில் நின்றான். யாரும் அவனுக்கு ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. மத்தியானத்துக்கு மேல் அவனே போய்விட்டான்.

19 ஜூலை, வியாழன்

தகரத்துக்கு ஆணி அடித்தேன். சத்தம் நின்றது. நின்ற பிறகு ஷெட் ஒரு மாதிரி இருந்தது.

பவுல் வந்தான். முகம் தொங்கிப் போயிருந்தது. மூன்று மாதத்தில் அவன் பரீட்சை எழுத வேண்டுமாம். தையல் மிஷினுக்கும் ஒரு பரீட்சை இருக்கிறதாம்.

"மணி, நமக்கு இந்த வயசுல படிப்பு ஏறுமாவே?"

"தமிழ்ல எழுது. ரொம்ப சுலபம்."

"நெசமாவா?"

"கைதட்டுவாங்க."

மிஸ்தான் அவனுக்கும் பாடம் எடுக்கப்போகிறது. பெற்ற மகளிடம் எழுந்து நின்று என்ன சொல்லப்போகிறான் என்று பார்க்க வேண்டும்.

27 ஜூலை, வெள்ளி

தூறலும் காற்றும். ஆறாம் நம்பர் வேன் பாலம் ஏறவில்லை. கிளட்ச் போய்விட்டது. விடுகிறது, பற்றவில்லை.

மிஸ்ஸிடமிருந்து மிஸ்டு கால். திரும்பக் கூப்பிட்டேன்.

"அண்ணாச்சி... ரிசல்ட் வந்துட்டு. பாஸ் மார்க்குக்குக் கொஞ்சந்தான் கொறையுது." அவசரமாகச் சேர்த்துச் சொன்னது: "ஆனா, தமிழ்ல எழுதுனவங்கள்ல நீங்கதான் பர்ஸ்ட்டு."

சரசுவிடம் பின்பாதியை மட்டும் சொன்னேன். அவள் தெருக்குழாயில் சொன்னாள். சாயந்திரத்துக்குள் நெருப்பெரிச்சலில் எனக்கு வணக்கம் வைக்காத ஆள் இல்லை. சின்னவர் போனில், "சூப்பருங்கண்ணா" என்றார். பவுல் வந்து கையைப் பிடித்துக்கொண்டு அந்தக் கைடைக் கேட்டு வாங்கிப்போனான். வண்டிக் கைடுடா என்று சொல்லலாம் என்று வாய்வரை வந்தது.

நடராசு லட்டு டப்பாவோடு வந்துவிட்டான்.

"சகலை, தமிழ்ல பர்ஸ்ட்டாமா! நம்ம குடும்பத்துக்கே பெருமைங்க." ஒரு லட்டை எடுத்து என் வாயில் திணித்தான். கண்ணில் நிஜமாகவே தண்ணீர். இவனைப் போய் என்னவெல்லாம் எழுதி வைத்திருக்கிறேன். பிறகு கையைத் துடைத்துக்கொண்டே கேட்டான்: "தமிழ்ல மொத்தம் எத்தன பேருங்க எழுதுனாங்க?"

வாய் நிறைய லட்டு. விரலைத்தான் காட்ட முடிந்தது. ஒன்று.

"முதல் எடம், அது தெரியுமுங்க. எத்தன பேருன்னு கேட்டேன்" என்றான்.